வாசலுக்கு வரும் சோதனையில் கொலஸ்ட்ராலையும் சேருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறுநகரத்தில், தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் நீங்கள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் தன்னார்வலர் அக்கா ஒருவர் வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார், விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கிறார், நோட்டில் குறித்துக்கொண்டு மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத எத்தனையோ பேருக்கு இந்தத் திட்டத்தால்தான் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இதை நன்றியோடு சொல்கிறேன். இந்த இரண்டோடு மூன்றாவதாகக் கொலஸ்ட்ராலையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தின. அதன் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, டீக்கடை வரை பேசப்பட்டது. அதே ஆய்வறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐ (இந்த மடலில் வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) தொட்டவர்கள், தாண்டியவர்கள் 24 சதவீதம். தலைக்கணக்கில் 21 கோடிக்கும் மேல். சர்க்கரை நோயாளிகளைப் போல இரண்டு மடங்கு! கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கூடியிருந்தவர்கள் 18 கோடிக்கு மேல். இதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆய்வில் 81 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு இருப்பதாக வந்ததையும் சிலர் எடுத்துச் சொல்வார்கள். அந்த எண்ணைக் காட்டி மக்களைப் பயமுறுத்தக் கூடாது என்பது என் கருத்து. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவாக இருப்பதும் அதில் அடக்கம். அது மூன்றில் இரண்டு பேருக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு கூடுதலாக இருப்பது மூன்றில் ஒருவருக்கு. இந்த இரண்டுக்கும் நம் சாப்பாட்டில் சோறும் மைதாவும் சர்க்கரையும் இருக்கும் அளவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியர்களின் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இதே ஆய்வுக் குழு 2025-இல் சொன்னது. எல்லாருக்கும் மாத்திரை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு என்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி கேட்கிறேன்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடுகிறது. கேரளத்தில் பெரியவர்களில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல். ஜார்க்கண்டில் 5 சதவீதத்துக்கும் கீழே. ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக்கும் தர்மபுரிக்கும் ஒரே கணக்கைப் போட முடியாது. மாவட்டவாரியாக எண்ணிப் பார்க்காமல் திட்டம் போட முடியாது.

எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வில் பங்கேற்றவர்கள் 1,13,043 பேர். ரத்தக் கொழுப்பு பார்க்கப்பட்டவர்கள் 18,492 பேர் மட்டுமே. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடலாம். ரத்தக் கொழுப்பின் எல்லா வகையையும் அளக்கும் முழு லிப்பிட் புரொஃபைலுக்கு நரம்பில் ரத்தம் எடுக்க வேண்டும், கெடாமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு பெரிய ஆய்வாலேயே எல்லாருக்கும் பார்க்க முடியவில்லை. தேசிய அளவில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்யும் பரிசோதனைத் திட்டத்திலும் பிரஷர், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று ஐந்து இருக்கின்றன. அந்தப் பட்டியலில் கொலஸ்ட்ரால் இல்லை. பார்ப்பதற்குக் கடினமானது என்பதால்தான் அது பட்டியலுக்கே வராமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இன்று கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்வது யார்? என் மேஜைக்கு வருபவர்களை வைத்துச் சொல்கிறேன். மாஸ்டர் செக்கப் கூப்பனோடு வரும் கம்பெனி ஊழியர்கள். இன்சூரன்ஸ் பாலிசிக்காக வருபவர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி, “போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிய அப்பா அம்மாக்கள். அடுத்து ஒரு கூட்டம் வரும். அவர்கள் நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, டிஸ்சார்ஜ் சீட்டோடு வருபவர்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் எடுத்த முதல் லிப்பிட் டெஸ்ட். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவோ, மூட்டை தூக்குபவரோ, ஆட்டோ ஓட்டுபவரோ தானாக வந்து “கொலஸ்ட்ரால் பாருங்க” என்று கேட்டதை நான் பார்த்ததே இல்லை. 400, 500 ரூபாய் கொடுத்து, வெறும் வயிற்றோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது யார் வருவார்கள்?

அந்தத் தொந்தரவு இல்லாமைதான் பெரிய ஆபத்து. சர்க்கரை கூடினால் தாகம் எடுக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும், காலில் புண் ஆறாது. எல்.டி.எல். 190 இருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. ஒல்லியாக இருப்பவருக்கும் இருக்கும், முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்திலும் இருக்கும். நம் கல்லீரலே கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது. ரத்தத்திலிருந்து அதை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். “நான் கறியே சாப்பிடறதில்லையே, எனக்கெப்படி?” என்ற கேள்விக்கு வாரத்தில் பாதி நாள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களால் கண்ணால் பார்க்க முடிவது ஒன்று உண்டு. ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிவாகச் சீரம் நிற்கும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவரின் சீரம் பால் கலந்தது போல் வெண்மையாக நிற்கும். டியூபின் பின்னால் எழுத்தைப் பிடித்தால் படிக்க முடியாது. அந்த டியூபை ஒருமுறை அவரவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், வேறு பிரச்சாரம் தேவையில்லை. ஆனால் எல்.டி.எல். மட்டும் கூடியிருந்தால் அந்த அடையாளமும் கிடையாது. சீரம் கண்ணாடியாக இருக்கும், மெஷின் 200-க்கு மேல் காட்டும்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். முப்பது வயதைக் கடந்த தம்பி ஒருவர் வேறு ஏதோ சோதனைக்காக வந்தார். இரண்டு கண் இமையின் உள்ஓரத்திலும் மஞ்சளாகத் தட்டையான தடிப்பு. மரு என்று நினைத்துச் சுண்ணாம்பு வைத்துப் பார்த்திருக்கிறார், தோல் வெந்ததுதான் மிச்சம். அவருடைய அப்பா நாற்பது வயதைத் தாண்டிச் சில வருடங்களிலேயே மாரடைப்பில் இறந்தவர், சித்தப்பாவும் அப்படியே. “எங்க வம்சத்துல ஆம்பளைங்களுக்கு ஆயுசு கம்மிங்க” என்று சாதாரணமாகச் சொன்னார். டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் எழுதிக் கொடுத்து லிப்பிட் பார்த்தபோது எல்.டி.எல். 230-ஐத் தாண்டியிருந்தது. பிறகு அவருடைய பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு இருந்தது.

மரபுவழியாக வரும் இந்த மிகைக் கொலஸ்ட்ரால் உலகம் முழுக்கச் சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவம் சொல்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது தலையெழுத்து கிடையாது, மாத்திரை இருக்கிறது. மாரடைப்போடு ஒருவர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதிலும் 50 வயதுக்குள் வந்தால், அவருடைய கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். காசநோயாளி வீட்டில் இருப்பவர்களையெல்லாம் நம் சுகாதாரப் பணியாளர்கள் தேடிப்போய்ச் சோதிக்கிறார்கள். அந்தப் பழக்கம் துறைக்குப் புதிது கிடையாது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ ஒருவர் வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாட்டின் 8. நல்ல திட்டம், உயிர்களைக் காப்பாற்றும் திட்டம். அந்த எட்டும் கொலஸ்ட்ராலுக்கான மாத்திரைகள். ஆக, அந்த மாத்திரை நம் குக்கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் அன்றைக்கு எட்டு மாத்திரை கிடைக்கிறது. அதே மனிதருக்கு ஐந்து வருடம் முன்பே தினம் ஒன்று கிடைத்திருக்க வேண்டாமா? தேவைப்படுகிறவரைக் கண்டுபிடிக்கும் வேலைதான் பாக்கி.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இந்த ஸ்டாட்டின் வகை மாத்திரையைப் பற்றி மக்களிடம் பயம் நிறைய. “கிட்னி போயிடும்”, “ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாது” என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களுக்கு அளவே இல்லை. சிலருக்குத் தசைவலி வருவது உண்மை, அதை மறைக்கக் கூடாது. அப்படி வந்தால் டாக்டர் அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். பலனையும் அதே குரலில் சொல்ல வேண்டும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்து நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். சுமார் 40 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இன்று விலை மலிவான மருந்துகளில் இதுவும் ஒன்று. மாதாமாதம் வாசலுக்கு வரும் தன்னார்வலர் அக்கா சொன்னால் மக்கள் கேட்பார்கள். அவர்களுக்கு இதில் பயிற்சி கொடுங்கள்.

இன்னொரு முக்கியமான கோளாறு எங்கள் ரிப்போர்ட் தாளிலேயே இருக்கிறது. எல்.டி.எல். எண்ணுக்குப் பக்கத்தில் ‘130-க்குக் கீழ்’ என்றோ ‘100-க்குக் கீழ்’ என்றோ ஒரே அளவு அச்சாகியிருக்கும். அதைத் தாண்டினால்தான் தடித்த எழுத்தில் வரும். ஆனால் இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆளுக்கேற்ற அளவு இருக்கிறது. சாதாரணமானவர்களுக்கு 100-க்குக் கீழ். சர்க்கரையோ பிரஷரோ உள்ள, ஆபத்து அதிகமானவர்களுக்கு 70-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ். ஸ்டென்ட் வைத்த ஒரு பெரியவர் 96 என்ற எண்ணைப் பார்த்து, தடித்த எழுத்து இல்லையே என்று நிம்மதியாகி, “நார்மல்தானே, மாத்திரையை நிறுத்திடலாம்ல?” என்று என்னைக் கேட்கிறார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று மட்டுமே நான் சொல்ல முடியும். ரிப்போர்ட்டில் மூன்று வரியில் மூன்று அளவும் தமிழில் இருந்தால் அவர் அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். அரசு லேப், தனியார் லேப் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஓர் உத்தரவு போட்டால் போதும். செலவே இல்லாத வேலை.

எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கஷ்டம் என்ற பதில் வரும் என்று தெரியும். வெறும் வயிற்றில் 12 மணி நேரம் இருந்துதான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. மேலே சொன்ன 2024 வழிகாட்டுதல், முதல் கட்டமாகப் பார்ப்பதற்குச் சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தமே போதும் என்கிறது. முழு லிப்பிட் புரொஃபைலும் வேண்டியதில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் ஒன்று, எச்.டி.எல். ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது எல்.டி.எல். உள்ளிட்ட எல்லாக் கெட்ட கொழுப்பும். அந்தக் கணக்குக்கு டிரைகிளிசரைடு தேவையில்லை, பட்டினியும் தேவையில்லை. சர்க்கரையும் யூரியாவும் கிரியாட்டினினும் பார்க்கும் அதே அனலைசரில், சோதனைக்கான ரசாயனமான ரீஏஜென்ட் மட்டும் வந்தால், இந்த இரண்டையும் பார்த்துவிடலாம். ஆண்டு முழுக்க ரீஏஜென்ட் தட்டுப்பாடு இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான். வீட்டு வாசலில் ரத்தம் எடுக்க முடியாவிட்டாலும், பெயரைப் பதிந்து, எந்த நாளில் துணை சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று சீட்டுக் கொடுக்க முடியும். மாதம் ஒரு நாள் மாலை நேரத்தில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள்.

முகாம்களில் பார்க்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். பார்க்கிறீர்கள், சரி. ஆனால் முகாமில் ரத்தம் கொடுத்தவருக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தது யார்? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இருக்கும் தொடர் கவனிப்பு இதற்கும் வர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்றால், ஏற்கெனவே உங்கள் நோட்டில் சர்க்கரை, பிரஷர் என்று பெயர் பதிந்தவர்களிடமிருந்தே தொடங்குங்கள். ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான்.

இது பணக்கார நாட்டு நோய் என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் இருக்கலாம். 1980-இல் அது உண்மை. பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, பெல்ஜியம் போன்ற நாடுகளே அப்போது முன்வரிசையில் இருந்தன. 200 நாடுகளில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வு, அந்த வரிசை தலைகீழாகிவிட்டதைக் காட்டியது. மேற்கில் கொலஸ்ட்ரால் இறங்கிவிட்டது. மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து மேலே வந்துவிட்டன. 2017-இல் இதனால் உலகில் இறந்த 39 லட்சம் பேரில் பாதிப் பேர் ஆசியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் தெற்கிலும் வாழ்ந்தவர்கள். மலேசிய அரசு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய ஆய்வில் கொலஸ்ட்ராலையும் எண்ணுகிறது: 2015-இல் 47.7 சதவீதம், 2019-இல் 38.1, 2023-இல் 33.3. கூடியதா குறைந்ததா என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நாம் 2020-இல் எடுத்த மாநில ஆய்வில், பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருப்பது தெரிந்தது. அந்த எண்களைப் பார்த்தால் வீடு தேடிப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் புரியும். கொலஸ்ட்ராலுக்கும் அப்படி ஒரு எண் வேண்டும்.

பின்லாந்தில் இறங்கியது தானாக நடக்கவில்லை. வட கரேலியா என்ற மாவட்டத்தில் ஆண்கள் இளம் வயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களே அரசிடம் மனுக் கொடுத்து 1972-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமை ஏற்றார். ரொட்டியில் தடவும் வெண்ணெயையும் கொழுப்பு நீக்காத பாலையும் குறைத்து, ஊரிலேயே விளையும் எண்ணெய் வித்துக்கு மாறினார்கள். பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தபோது பெர்ரி பயிரிட உதவி செய்தார்கள். சில பத்தாண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இதைப் படிக்கும்போது நம் ரேஷன் கடை நினைவுக்கு வராமல் இருக்காது. 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அதை வாங்கியிருக்கிறோம். ஆனால் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி, எல்.டி.எல்.-ஐ ஏற்றும் நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதையும்விடக் குறைவு. பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அவர்கள் படும் கஷ்டம் உண்மையானது, தேங்காய்க்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். ஆனாலும் அந்த மாற்றத்தை நான் ஆதரிக்க மாட்டேன். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல். மானியத்தை மாற்றுவதென்றால் நம் மானாவாரி நிலத்துக் கடலைக்கும் எள்ளுக்கும் மாற்றுங்கள். ஒரேயடியாக முடியாது, கடலை எண்ணெய் விலை அதிகம் என்பதும் தெரியும். ஒரு மாவட்டத்தில், அரை லிட்டராவது கொடுத்து, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். பாமாயில் உணவு வழங்கல் துறையின் பொறுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் துறைக்கு மருத்துவக் காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இன்னும் ஒரு சின்ன கோரிக்கை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரிப்பதற்கு எதிராக 2018-இலிருந்தே விதி இருக்கிறது, வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் செயற்கை டிரான்ஸ் கொழுப்புக்கும் 2022-இலிருந்து 2 சதவீத வரம்பு இருக்கிறது. சாயங்காலம் பஜ்ஜிக் கடைச் சட்டியில் எண்ணெய் கறுத்துக் கிடப்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்து பார்க்கட்டும். கடைக்காரரைத் தண்டிப்பதைவிட, பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் தெருவுக்குக் கொண்டுவருவது அதிகம் உதவும்.

இந்த நிதியாண்டுக்குள் முடியக்கூடியது என்று நான் கேட்பது இரண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோட்டில் கொலஸ்ட்ராலுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அடுத்த மாநில ஆய்வில் அதை மாவட்டவாரியாக எண்ணி, வந்த எண் எதுவானாலும் வெளியிடுங்கள். ரத்தம் எடுப்பதற்கும் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வர என்னைப் போன்ற டெக்னீஷியன்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்